‘கிரேக்கத் தொன்மத்தின்படி’ என்னும் தொடர்: ஒப்பாய்வு நெறி குறித்த ஒரு கருத்துரை

முன்னுரை

தமிழில் எழுதப்பெறும் ஒப்பிலக்கிய ஆய்வுகளில் ‘கிரேக்கத் தொன்மத்தின்படி’ என்னும் தொடர் அடிக்கடி எதிர்ப்படுகிறது. அத்தொடரை அடுத்து ஒரு கதைச்சுருக்கம் இடம்பெறும். அதற்கு இணையாகவோ முரணாகவோ ஒரு தமிழ்ப் பனுவல் வைக்கப்பெறும். தமிழ்ப் பனுவலுக்குக் காதை, அடி, பாடவேறுபாடு, உரையாசிரியர் கூற்று ஆகிய அனைத்தும் சுட்டப்பெறும். கிரேக்கக் கதைக்கோ பெரும்பாலும் ஆசிரியர் பெயர் இராது, காலம் இராது, எந்த நிகழ்வில், எந்த அவையினர்முன் அது சொல்லப்பட்டது என்னும் குறிப்பும் இராது. ஒரு தட்டில் பனுவலும் மறு தட்டில் கேள்விச் செய்தியும் வைத்து நிறுக்கும் இம்முறை ஒப்பீடு ஆகாது.

இது மேற்கோள் ஒழுங்கு பற்றிய சிறு குறை மட்டுமன்று. கிரேக்கத் தொன்மம் என ஒற்றை வடிவில் நிலைபெற்ற கதைத்தொகுதி ஒன்று பண்டைக் கிரேக்கர்களிடமே இருந்ததில்லை. ஒரே கதையைக் கவிஞர்தோறும், நகர்தோறும், விழாதோறும் மாற்றிச் சொல்லியதே அவர்கள் சிந்தித்த முறை. அம்மாற்றங்களை நீக்கிவிட்டு எஞ்சும் சுருக்கத்தைக் ‘கிரேக்கச் சிந்தனை’ எனக் கொள்வது, சிந்தனையை நீக்கிவிட்டுச் சிந்தனையைத் தேடுவதாகும். ஆகவே, அத்தொடர் தமிழாய்விலிருந்து விலக்கப்பட வேண்டும் என்பதும், அதனிடத்தில் பனுவலின் பெயர் அமைய வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

மறைநூல் இல்லாத வழிபாடு

‘கிரேக்கப் புராணம்’ என்னும் வழக்கு ஒரு தவறான எதிர்பார்ப்பைத் தோற்றுவிக்கிறது. கிரேக்க வழிபாட்டிற்கு மறைநூல் என ஒன்றில்லை. கதைகளின் மெய்ம்மையைத் தீர்மானிக்கும் குருமரபும் இல்லை. பூசகர்கள் பெரும்பாலும் நகர அரசின் அலுவலர்களாகவோ, குறிப்பிட்ட கோயிலுக்கு உரிமை பெற்ற குடியினராகவோ இருந்தனர். சடங்கினைப் பிழையின்றிச் செய்வது அவர்தம் கடமை. கதை சொல்வது அவர்தம் கடமையன்று. கதை கவிஞர்களின் கையில் இருந்தது. கிரேக்கர்களுக்குத் தெய்வங்களின் பிறப்பு வரிசையையும் பெயர்களையும் வடிவங்களையும் வகுத்துத் தந்தவர்கள் ஹோமரும் ஹெசியடுமே என ஹெரோடோட்டஸ் தம் வரலாற்றின் இரண்டாம் நூலில் கூறுகிறார். தெய்வங்களைக் குறித்த அறிவுக்குக் கவிஞர்களையே மூலமாகக் காட்டும் இக்கூற்று கி.மு. 5ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது.

கவிஞர் சொன்னதைப் பிறிதொரு கவிஞர் மறுக்கலாம். தெய்வங்களுக்குக் களவையும் கூடாவொழுக்கத்தையும் வஞ்சனையையும் ஏற்றியுரைத்தமைக்காக ஹோமரையும் ஹெசியடையும் செனோபனீஸ் கண்டித்தார். பிண்டார், சிரக்கூஸ் நகரின் ஹியரோன் குதிரைப் பந்தயத்தில் பெற்ற வெற்றியைக் கி.மு. 476இல் பாடும்போது, பெலோப்ஸைத் தெய்வங்கள் விருந்தில் உண்டனர் என்னும் பழங்கதையை வெளிப்படையாகத் தள்ளிவிட்டு, தெய்வத்திற்கு இழுக்கில்லாத வேறொரு கதையை அமைக்கிறார். பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலில் ஹோமரின் கதைகள் பலவற்றை இளையோர் கல்வியினின்று நீக்குகிறார். அதே நூலை ‘ஏர்’ என்னும் வீரன் மறுவுலகம் கண்டு மீண்ட, தாமே புனைந்த கதையால் முடிக்கிறார். இம்மூவரும் கிரேக்கரே, மூவரும் தொன்மத்தைக் கையாண்டவரே. ‘கிரேக்கத் தொன்மத்தின்படி’ தெய்வம் எத்தகையது என வினவினால், இவர்களுள் யாருடைய விடையை ஆய்வாளர் ஏற்பார்?

சொல்லளவிலும் ஒரு வேறுபாடு நோக்கத்தக்கது. தமிழில் ‘தொன்மம்’ என்னும் கலைச்சொல் பழமைப் பொருளை அடியாகக் கொண்டது. கிரேக்கத்தின் ‘மித்தோஸ்’ என்னும் சொல்லோ சொல்லப்பட்டது, பேச்சு, கதை எனப் பொருள்படும். அரிஸ்டாட்டில் தம் ‘கவிதையியலில்’ நாடகத்தின் கதைப்பின்னலைக் குறிப்பதற்கும் இச்சொல்லையே ஆள்கிறார். பழமை என்பது நிலைத்துவிட்ட ஒன்றை நினைவூட்டும். சொல்லப்பட்டது என்பதோ சொன்னவர் யார் என்னும் வினாவை உடனே எழுப்பும். கலைச்சொல்லை மாற்ற வேண்டியதில்லை. அவ்வினாவை மறவாதிருத்தல் வேண்டும்.

ஈடிபஸ்: ஒரு பெயர், பல கதைகள்

தமிழ் ஒப்பாய்வுகளில் மிகுதியாக எடுத்தாளப்பெறும் கிரேக்கக் கதை ஈடிபஸின் கதையாகும். தந்தையைக் கொன்று தாயை மணந்தவன், உண்மை அறிந்து தன் கண்களைத் தானே குத்திக்கொண்டு நாட்டைவிட்டு நீங்கினான் என்பது வழக்கமாகத் தரப்படும் சுருக்கம். கிடைத்துள்ள கிரேக்கப் பனுவல்களைக் கால வரிசையில் நோக்கினால் இச்சுருக்கம் நிலைபெறாது.

‘இலியட்’ காப்பியத்தின் 23ஆம் பகுதி, தீப்ஸ் நகரில் வீழ்ந்த ஈடிபஸுக்கு நடந்த ஈமச் சிறப்பில் ஒரு வீரன் பங்கேற்றதைப் போகிற போக்கில் குறிக்கிறது. அங்கு ஆளப்பட்டுள்ள வினை, போர்க்களத்தில் வீழ்தலை நினைவூட்டுவது. ‘ஒடிசி’ காப்பியத்தின் 11ஆம் பகுதியில் தாயின் பெயர் எப்பிக்காஸ்டா. உண்மை வெளிப்பட்டதும் அவள் தூக்கிட்டு மாய்கிறாள். ஈடிபஸோ துன்பத்துடன் தீப்ஸிலேயே தொடர்ந்து ஆள்கிறான். கண்ணிழந்த செய்தியும் இல்லை. நாடு நீங்கிய செய்தியும் இல்லை.

ஈஸ்கிலஸ் கி.மு. 467இல் ‘லேயஸ்’, ‘ஈடிபஸ்’, ‘தீப்ஸை எதிர்த்த எழுவர்’ என்னும் மூன்று நாடகங்களைத் தொடராக அரங்கேற்றி முதற்பரிசு பெற்றார். எஞ்சியிருப்பது மூன்றாம் நாடகம் மட்டுமே. அதன்படி, பிள்ளையின்றி இறந்தால் நகரம் பிழைக்கும் என அப்பல்லோ மும்முறை எச்சரித்தும் லேயஸ் கேளாமல் மகனைப் பெற்றான். அக்குற்றத்தின் விளைவு மூன்றாம் தலைமுறை வரை தொடர்கிறது. இங்கே ஈடிபஸின் துயருக்கு வேர் அவன் தந்தையின் செயல்.

சோபக்கிளீஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ அவ்வேரை அறுத்துவிடுகிறது. இந்நாடகத்தில் யோகாஸ்டா எடுத்துரைக்கும் தெய்வவாக்கு எச்சரிக்கையாக அமையவில்லை. நிபந்தனையற்ற முன்னறிவிப்பாகவே உள்ளது. லேயஸ் செய்த குற்றம் எதுவும் பேசப்படவில்லை. ஏன் நேர்ந்தது என்பதை நாடகம் திறந்தே விடுகிறது. எவ்வாறு அறியப்பட்டது என்பதே அதன் பொருளாகிறது. கண்களை அழித்துக்கொண்ட பின்னர், தெய்வத்தின் பங்கையும் தன் கையின் பங்கையும் ஈடிபஸ் தானே பிரித்துக் காட்டுகிறான்.

யூரிப்பிடீஸ் இருமுறை இக்கதையை மாற்றினார். இன்று துணுக்குகளாக மட்டுமே கிடைக்கும் அவருடைய ‘ஈடிபஸ்’ நாடகத்தில், கண்களை அழிப்போர் லேயஸின் பணியாளர்கள். அவருடைய ‘பினீசியப் பெண்கள்’ நாடகத்தில் யோகாஸ்டா உண்மை வெளிப்பட்ட பின்னரும் உயிரோடிருக்கிறாள். ஒருவரையொருவர் கொன்ற தன் மைந்தர் இருவரின் உடல்கள்மேல் வாளால் தன்னை மாய்த்துக்கொள்கிறாள். உண்மை வெளிப்பட்டவுடன் ஈடிபஸ் நாடு நீங்கவில்லை. மைந்தர்கள் அவனை அரண்மனைக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கின்றனர்.

இறுதியாக, சோபக்கிளீஸ் தம் முதுமையில் எழுதி, அவர் மறைவுக்குப் பின் கி.மு. 401இல் அரங்கேறிய ‘கொலோனசில் ஈடிபஸ்’ நாடகம். கொலோனஸ் சோபக்கிளீஸ் பிறந்த ஊர். அங்கு வந்து சேரும் கிழவனான ஈடிபஸ், தான் அறியாமற் செய்தவற்றுக்குத் தான் குற்றவாளியல்லன் என வழக்குரைக்கிறான். அவன் உடல் அடங்கும் நிலம் ஏதென்ஸுக்குக் காவலாகிறது.

இவ்வாறு, ஆண்டுகொண்டே இறந்தவன், கண்களைத் தானே அழித்துக்கொண்டவன், பிறரால் கண்ணிழந்தவன், மைந்தரால் அடைக்கப்பட்டவன், புனித நிலத்தில் மறைந்தவன் என ஒரே பெயரின்கீழ் பல கதைகள் நிற்கின்றன. தந்தையைக் கொன்றதும் தாயை மணந்ததும் மட்டுமே மாறாதவை. அக்கருவிற்கு என்ன பொருள் என்பதைக் கருவே சொல்லவில்லை. ஒவ்வொரு கவிஞரும் செய்த மாற்றமே சொல்கிறது.

மாற்றத்தில் பிறக்கும் பொருள்

இம்மாற்றங்களைக் கவிஞர்களின் தற்செயலான வேறுபாடுகள் எனத் தள்ளிவிட இயலாது. ஏதென்ஸில் டயோனைசஸ் பெருவிழாவின்போது மூன்று கவிஞர்கள் போட்டியிட்டனர். ஒவ்வொருவரும் மூன்று துன்பியல் நாடகங்களையும் ஓர் எள்ளல் நாடகத்தையும் வழங்குவது மரபு. நடுவர் தீர்ப்பளித்தனர். கதையின் கரு பலர்க்கும் முன்பே தெரிந்திருந்த அரங்கில், கவிஞர் எதனை மாற்றினார் என்பதே அவையினரின் கவனத்திற்கு உரியதாயிற்று. மரபுக் கதைகளின் அடிப்படையைக் கவிஞர் குலைக்கலாகாது, ஆயின் அவற்றைச் சிறப்புறக் கையாளும் வழியைக் கவிஞரே கண்டறிதல் வேண்டும் என அரிஸ்டாட்டில் கூறுவது இந்நடைமுறையின் இலக்கணமே.

இரு சான்றுகள் போதும். ஹெலன் டிராய் நகருக்குச் செல்லவே இல்லை என்னும் கதையை ஸ்டெசிகோரஸ் கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாடினார். ஹெலன் எகிப்திலேயே தங்கிவிட்டாள் என ஹெரோடோட்டஸ் எழுதினார். அவள் டிராயில் இருந்திருந்தால் நகரத்தார் போரைத் தவிர்க்க அவளைத் திருப்பி அளித்திருப்பர் என ஏரணமும் கூறினார். கி.மு. 412இல் யூரிப்பிடீஸ் தம் ‘ஹெலன்’ நாடகத்தில் இதனை விரித்தார்: டிராயில் இருந்தது தெய்வம் படைத்த மாயவுரு, இருபடைகளும் பத்தாண்டுகள் ஒரு நிழலுக்காகப் பொருது மடிந்தன. அதற்கு முந்தைய ஆண்டில்தான் சிசிலிப் படையெடுப்பில் ஏதென்ஸின் படை அழிந்திருந்தது. தம் இளைஞரை இழந்த நகரத்தாரின்முன், எதற்காகப் போர் நடந்தது என்னும் வினாவைப் பழங்கதையின் மாற்றம் எழுப்பியது. ‘ஹெலனால் டிராய்ப் போர் மூண்டது’ என்னும் சுருக்கத்தில் அவ்வினாவுக்கு இடமில்லை.

மீடியாவின் கதையும் அத்தகையதே. அவளுடைய பிள்ளைகளைக் கொரிந்து நகரத்தார் கொன்றனர் என ஒரு மரபு உண்டு. அப்பிள்ளைகளின் நினைவிடம் கொரிந்தில் இருந்ததைப் பாசனியஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பதிவு செய்கிறார். தாயே கொன்றாள் என்னும் வடிவம், கி.மு. 431இல் அரங்கேறிய யூரிப்பிடீஸின் நாடகத்தாலேயே பின்னாளில் நிலைபெற்றது. அந்நாடகத்திற்குப் போட்டியில் கிடைத்தது மூன்றாமிடம். பிள்ளைகளைக் கொன்ற மீடியாவுக்கு அடைக்கலம் தருவது ஏதென்ஸ் நகரே என்பதும் அந்நாடகத்தின் முடிவு. ‘கிரேக்கத் தொன்மத்தின் கொடுந்தாய்’ என அவளைச் சுட்டும் ஆய்வு, ஒரு கவிஞரின் துணிவான தேர்வை ஓர் இனத்தின் பொது நம்பிக்கையாக மாற்றிவிடுகிறது.

கைந்நூல்கள் தந்த மயக்கம்

ஒற்றைக் கிரேக்கத் தொன்மம் என்னும் கருத்து எங்கிருந்து வந்தது? தொகுப்பு நூல்களிலிருந்து வந்தது. தாமஸ் புல்ஃபின்ச் 1855இலும், எடித் ஹாமில்டன் 1942இலும், ராபர்ட் கிரேவ்ஸ் 1955இலும் வெளியிட்ட ஆங்கில நூல்கள் உலகெங்கும் பரவின. தமிழகக் கல்லூரி நூலகங்களிலும் இடம்பெற்றன. பொது வாசகர்க்கு அவை ஆற்றிய பணி பெரிது. ஆயினும் வெவ்வேறு நூற்றாண்டுகளைச் சார்ந்த பனுவல்களை ஒட்டி ஓடும் ஒரே கதையாக்குவது தொகுப்பின் இயல்பு. புல்ஃபின்ச் தம் கதைகளுட் பலவற்றை இலத்தீன் கவிஞர் ஓவிடிடமிருந்து பெற்றார். ‘கியூபிடும் சைக்கியும்’ என்னும் புகழ்பெற்ற காதற்கதையோ கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அபுலேயஸ் இலத்தீனில் எழுதிய உரைநடைப் புனைவின் பகுதி. இவற்றைக் கிரேக்கரின் தொல்பழஞ் சிந்தனை எனக் கொண்டு சங்க இலக்கியத்துடன் ஒப்பிடுவது மொழியாலும் காலத்தாலும் பிழைபடுவதாகும்.

பண்டைக்காலத் தொகுப்பாளர்கள் இவ்வகையில் கூடுதல் கவனத்துடன் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. அப்பொலோடோரஸ் பெயரால் வழங்கும் ‘நூலகம்’ என்னும் கிரேக்கத் தொகைநூல், லேயஸின் மனைவியைச் சிலர் யோகாஸ்டா என்பர், சிலர் எப்பிக்காஸ்டா என்பர் என இரு மரபுகளையும் பதிவு செய்கிறது. ‘சிலர் கூறுவர்’ என்னும் அச்சொல் பின்னைய சுருக்கங்களில் மறைந்துவிட்டது. தமிழ் உரையாசிரியர்கள் ‘என்பாரும் உளர்’ என்று எழுதிய இடத்தில் அச்சொல்லை நீக்கிவிட்டு மேற்கோள் காட்டும் ஆய்வை எந்தத் தமிழ்த்துறையும் ஏற்காது.

எஞ்சியவற்றின் அளவையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சோபக்கிளீஸ் 120க்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதியதாக அறியப்படுகிறது. முழுமையாகக் கிடைப்பவை 7. ஈஸ்கிலஸின் பெயரால் கிடைப்பவையும் 7. நிகழ்ந்த மாற்றங்களுள் மிகச் சிறுபகுதியே இன்று காணக்கிடைக்கிறது. அச்சிறுபகுதியிலேயே இத்துணை வேறுபாடு உண்டெனில், ‘கிரேக்கர் நம்பினர்’ எனத் தொடங்கும் வாக்கியத்தை எழுதத் தயங்குதலே முறை.

‘ஈடிபஸ் சிக்கல்’ என்னும் உளப்பகுப்பாய்வுக் கருத்தாக்கமும் இங்கே கருதத்தக்கது. ஃபிராய்டு 1900ஆம் ஆண்டிட்டு வெளிவந்த ‘கனவுகளின் விளக்கம்’ நூலில் இக்கதையை எடுத்தாண்டபோது அவர் முன்னிருந்தது சோபக்கிளீஸின் ‘ஈடிபஸ் மன்னன்’. ஒரு நாடகத்தின் கட்டமைப்பிலிருந்து அவர் பெற்றதைக் கிரேக்கத் தொன்மம் முழுவதன் உளவியலாகத் தமிழ் நாவல்கள்மேல் பொருத்தும் ஆய்வுகள், ஒடிசியில் கண்ணோடும் அரசோடும் வாழ்ந்த ஈடிபஸைக் கணக்கிற் கொள்வதில்லை.

ஊழும் விதியும்: ஒப்பீட்டில் இழப்பது எது

பனுவலைப் பெயர் சுட்டாததால் நேரும் இழப்பு, சிலப்பதிகார ஒப்பாய்வில் தெளிவாகப் புலப்படும். ‘கிரேக்கர்க்கு விதி, தமிழர்க்கு ஊழ்’ என்னும் இணை தமிழாய்வில் நன்கு பழகியது. இரண்டும் மனித முயற்சிக்கு அப்பாற்பட்ட ஆற்றல் என்னும் முடிவுடன் அவ்வொப்பீடு நின்றுவிடும். எந்தக் கிரேக்க விதி என வினவும்போதுதான் ஆய்வு தொடங்குகிறது.

கோவலனின் கொலைக்குக் காரணமாகச் சிலம்பின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கூறுவது அவன் முற்பிறப்பின் செயலாகும். சிங்கபுரத்தில் பரதன் என்னும் பெயருடன் பிறந்திருந்தவன், வணிகன் சங்கமனை ஒற்றன் எனக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம் அடுத்த பிறப்பில் பலித்தது. செய்தவனும் துய்ப்பவனும் உயிரளவில் ஒருவரே. இதனை ஈஸ்கிலஸின் நாடகத்துடன் வைத்தால் வேறுபாடு உடனே தோன்றும்: அங்கே செய்தவன் தந்தை, துய்ப்பவர் மகனும் பேரரும். ஊழ் பிறவிவழியே தொடர்கிறது. லேயஸின் குற்றம் குருதிவழியே தொடர்கிறது. முன்னது அறத்தின் கணக்கைத் தனியுயிருக்கு எழுதுகிறது. பின்னது குடிக்கு எழுதுகிறது.

அதே காதையைச் சோபக்கிளீஸின் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்துடன் வைத்தால் வேறொன்று புலப்படும். சிலம்பு, துயருக்குப் பின் காரணத்தைத் தெய்வத்தின் வாயால் கூறுகிறது. சோபக்கிளீஸோ, ஈஸ்கிலஸ் கூறிய காரணத்தை அறிந்திருந்தும் அதனைக் கூறாது விடுகிறார். காரணம் கூறி ஆற்றுவிக்கும் காப்பியமும், காரணம் கூற மறுக்கும் நாடகமும் ஒன்றல்ல.

‘கொலோனசில் ஈடிபஸ்’ நாடகத்துடன் வைத்தால் ஒப்பீடு மீண்டும் திசைமாறும். அறியாது செய்த செயலுக்குப் பொறுப்பு உண்டா என்பது அந்நாடகத்தின் வினா. ஏதென்ஸுக்கு இது கவிதைப் பொருள் மட்டுமன்று, சட்டப் பொருளுமாகும். டிராக்கோ வகுத்த கொலைச் சட்டம் கி.மு. 409/408இல் ஏதென்ஸில் மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டது. அதன் எஞ்சிய பகுதி, கருதிச் செய்யாத கொலைக்குரிய தண்டனையைப் பேசுகிறது. அதே ஆண்டுகளில் முதிய சோபக்கிளீஸின் ஈடிபஸ் கருத்தின்மையைத் தன் தற்காப்பாக முன்வைக்கிறான். இதற்குத் தமிழில் இணை தேடுவோர் கோவலனை விடுத்து, ஆராயாது தீர்ப்பளித்ததை உணர்ந்தவுடன் உயிர்நீத்த பாண்டியன் நெடுஞ்செழியனையே நாட வேண்டியிருக்கும். அறியாது செய்தேன் என்பதை ஒருவன் தற்காப்பாகக் கொள்கிறான். மற்றவன் அறியாமையையே தன் குற்றமாகக் கொள்கிறான். இரு பண்பாடுகளும் பொறுப்பு என்பதை எவ்வாறு எண்ணின என்பதை விளக்கவல்ல ஒப்பீடு இது. ‘கிரேக்க விதி’ என்னும் பொதுச்சொல் இவ்வாயிலை அடைத்துவிடுகிறது.

எழக்கூடிய மறுப்புகள்

இக்கருத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது: வேறுபாடுகள் எத்தனை இருப்பினும் பொதுக்கரு ஒன்று உண்டு, ஒப்பாய்வுக்கு அதுவே போதும். கரு உண்டு என்பது உண்மை. ஆயின் தந்தைக்கொலையும் தாய்மணமும் என்னும் கரு, நாட்டார் கதைவகைப்பாட்டிற்கு உதவும் கூறு; அது கிரேக்கருக்கே உரிய சிந்தனையைக் காட்டாது. கருவை ஒப்பிடுவோர் கதைக்கூறுகளை ஒப்பிடுவதாக அறிவித்தல் வேண்டும். பண்பாட்டு முடிவுகளை அதிலிருந்து பெறலாகாது.

இரண்டாவது: லெவி ஸ்ட்ராஸ் 1955இல் எழுதிய அமைப்பியல் கட்டுரை, ஈடிபஸ் தொன்மம் என்பது அதன் அனைத்து வடிவங்களும் சேர்ந்ததே என்றும், ஃபிராய்டின் விளக்கமும் அவற்றுள் ஒன்றே என்றும் கூறிற்று, ஆகவே வடிவ வேறுபாடு பொருட்டன்று. இக்கட்டுரையை இவ்வாறு பயன்படுத்துவது அதன் கருத்தைத் திருப்பிப் போடுவதாகும். மெய்யான ஒற்றை வடிவம் என ஒன்றைத் தேட வேண்டியதில்லை என்பதே அவர் வாதம். அனைத்து வடிவங்களையும் திரட்டுமாறு கேட்கும் நெறியை, ஒரு சுருக்கத்துடன் நிறுத்திக்கொள்வதற்குச் சான்றாக்க இயலாது.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது: கிரேக்க மொழி அறியாத ஆய்வாளர் மூலப் பனுவலை எவ்வாறு அணுகுவார்? கிரேக்கம் கற்பிக்கும் வாய்ப்பு தமிழ்த்துறைகளுக்கு அரிது என்பது மெய். ஆயின் இங்கு வேண்டப்படுவது மூலமொழிப் புலமையன்று. பனுவலை இன்னதெனச் சுட்டும் நேர்மை. மேற்கண்ட நாடகங்களும் காப்பியங்களும் அடியெண்களுடன் ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கின்றன. மொழிபெயர்ப்பின் வழியே சோபக்கிளீஸைப் படிப்பது, தொகுப்பு நூலின் வழியே ‘கிரேக்கரை’ அறிவதினும் பன்மடங்கு பாதுகாப்பானது. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில நூலில் சங்க வீரநிலைப் பாடல்களைக் கிரேக்கக் காப்பிய மரபுடன் ஒப்பிட்டபோது, சுட்டப்பட்ட பனுவல்களின் ஆக்கமுறையே ஆய்வுப் பொருளாயிற்று. அதனால்தான் அவர் முடிவுகளை ஏற்போரும் மறுப்போரும் சான்று காட்டி வாதிட முடிந்தது. பனுவல் சுட்டாத ஒப்பீட்டை மறுக்கவும் இயலாது. மறுக்க இயலாதது ஆய்வாகாது.

முடிவுரை

தன் மரபைப் பொறுத்தவரையில் தமிழாய்வுலகம் இந்நெறியை நன்கறியும். இராவணன் சீதையைத் தீண்டாது பன்னசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்தான் எனக் கம்பர் அமைத்தது வான்மீகத்தினின்று வேறுபட்ட தேர்வு என்பதை எந்த மாணவரும் சுட்டுவார். அம்மாற்றத்தில் கம்பரின் கருத்தைக் காண்பார். கண்ணகி கதை இளங்கோவிடமும், நாட்டார் வழங்கும் கோவலன் கதையிலும், மட்டக்களப்பின் கண்ணகி வழக்குரையிலும் வெவ்வேறாக நிற்பதைத் தனித்தனியே ஆராய்ந்து பெருமை கொள்ளும் துறை இது. அதே துறை, சோபக்கிளீஸும் யூரிப்பிடீஸும் செய்த மாற்றங்களை அழித்து ஒரே கதையாக்குவது தனக்குரிய நெறியைப் பிறர்க்கு மறுப்பதாகும்.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. கிரேக்கக் கதையை எடுத்தாளும் ஒவ்வோர் ஆய்வும் பனுவல், ஆசிரியர், காலம், நிகழ்த்தப்பட்ட சூழல் ஆகியவற்றைச் சுட்டுதல் வேண்டும். ஒப்பிடுவதற்கு முன் அக்கதையின் பிற கிரேக்க வடிவங்களுள் ஒன்றையேனும் நோக்கி, தேர்ந்துகொண்ட வடிவத்தின் தனித்தன்மை யாது என நிறுவுதல் வேண்டும். உரோமானியப் பனுவல்களையும் தற்காலத் தொகுப்புகளையும் கிரேக்கச் சான்றுகளாகக் காட்டுவது தவிர்க்கப்பட வேண்டும். ஆய்வேடுகளை மதிப்பிடுவோரும் ஆய்விதழ்களின் மதிப்பீட்டாளரும் சிலப்பதிகார மேற்கோளுக்குக் காதையும் அடியும் கேட்பதுபோல், கிரேக்கக் கதைக்கும் கேட்டல் வேண்டும். ‘கிரேக்கத் தொன்மத்தின்படி’ என எழுதப்பட்ட இடத்தில் ‘சோபக்கிளீஸின்படி’ எனத் திருத்தி எழுத முயலும் மாணவர், அவ்வாறு எழுதுவதற்காகவேனும் அந்நாடகத்தைத் திறந்து படிப்பார். தமிழில் கிரேக்க ஒப்பாய்வு அங்கிருந்து தொடங்கட்டும்.